டெல்லிக்கு ஆராய்ச்சி நிதி கேட்டு எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று செய்தித்தாளில் படித்ததும், அது கல்லூரி ஆய்வகங்களுக்கு வரப்போகும் மானியம் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த அந்த ஆராய்ச்சி, மேம்பாடு, புதுமைத் திட்டம் தனியார் துறையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. பணம் பெரும்பாலும் குறைந்த வட்டியில் அல்லது வட்டியில்லாமல் நீண்டகாலக் கடனாகவும், பங்கு முதலீடாகவும் வரும். அதுவும் ஆய்வகத்தில் ஓரளவு நிரூபித்துக்காட்டிய தொழில்நுட்பத்துக்கு மட்டுமே.

கல்லூரி, பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு அணுக வேண்டியது, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்ற அதன் மதிப்பீட்டிலும் சுமார் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து திரட்ட வேண்டிய தொகை. ஆகவே போட்டி கடுமையாகத்தான் இருக்கும். முன்மாதிரி செய்து பார்க்க நினைக்கும் இளைஞருக்கு, 10 லட்சம் ரூபாய் வரை தரும் 'நிதி பிரயாஸ்' (NIDHI-PRAYAS) என்ற மத்திய அரசுத் திட்டம் பொருத்தமானது.

அடுத்த தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. நல்ல யோசனையை மேடைப் பேச்சாக எழுதிக் கெடுத்துவிடுகிறோம். 'மதுரை மல்லி வாடாமல் காத்து விவசாயிகளின் வாழ்வை உயர்த்துவோம்' என்று எழுதினால், மதிப்பீட்டுக் குழு எதைச் சோதித்துப் பார்க்கும்? மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமை. ஆய்வுக்கு அது காரணமாகாது. காலையில் பறித்த மொட்டு மாட்டுத்தாவணி சந்தைக்கு வந்து, பனிக்கட்டியோடு தெர்மாகோல் பெட்டியில் ஏறினால் எத்தனை மணி நேரத்தில் விரிகிறது? நீங்கள் செய்யப்போகும் உறை அதை எவ்வளவு நேரம் தள்ளிப்போடும்? எத்தனை கிலோ பூவில், எந்த வெப்பநிலையில் சோதிப்பீர்கள்? என்ன முடிவு வந்தால் முயற்சி பலிக்கவில்லை என்று ஏற்றுக்கொள்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கும் விண்ணப்பத்தை நான் எப்போதும் மதிப்பேன்.

கண்காட்சியில் கருவியை விளக்கி, நாளிதழிலும் செய்தி வந்த பிறகு காப்புரிமையைப் பற்றி யோசிப்பது இன்னொரு பிழை. வெளியே சொல்லிவிட்டதைப் புதியது என்று சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்காதீர்கள். கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கமான தற்காலிக விவரக்குறிப்போடு (provisional specification) முதலில் பதிவு செய்தால், முழு விவரத்தைத் தர 12 மாத அவகாசம் கிடைக்கும்.

நிதி வந்த பிறகு கணக்கில் கவனம் வேண்டும். கருவி வாங்க ஒதுக்கிய பணத்தை அனுமதியின்றிச் சம்பளத்துக்குத் திருப்பக் கூடாது. மானியத்துக்கு வங்கியில் சேர்ந்த வட்டியும் அரசுக்கே உரியது. பணம் சொன்ன காரியத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமானால் அடுத்த தவணை நின்றுவிடும். அப்போது முதலில் தவிப்பது, உதவித்தொகையை நம்பி விடுதிக் கட்டணம் கட்டும் ஆய்வு மாணவர். மார்ச் மாதக் கடைசி வாரம் வரை பொறுத்திருக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்லூரிக் கணக்குப் பிரிவினரோடு உட்கார்ந்து ரசீதுகளைச் சரிபாருங்கள்.