மாத்திரைக்குக் கேட்டால் போதுமா?

காலையில் பல் துலக்கியதும் வெறும் வயிற்றில் ஒரு 'கேஸ் மாத்திரை'. வயிற்று அமிலத்தை அடக்கும் மாத்திரை அது; பான்டோபிரசோல், ரேபிபிரசோல் என்று பெயர் மாறும், பழக்கம் மாறாது. எப்போது தொடங்கியது என்று கேட்டால், "நாலு வருஷம் முன்னாடி நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் எழுதினார்" என்பார்கள். அவர் எழுதியது சில வாரங்களுக்காக இருந்திருக்கும். மருந்துக் கடைக்காரருக்குப் பழைய அட்டையைக் காட்டினாலே போதும்.

தொடங்கியதில் தவறில்லை. நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் தெளிவாக இருந்தால், எட்டு வாரம் மாத்திரை கொடுத்துப் பார்ப்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட வழிதான். தவறு ஒன்பதாவது வாரத்தில் வருகிறது. மாத்திரைக்குக் கேட்டதால் இது இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்கு மேலேறும் நோய்தான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அமிலமே மேலேறாத சிலருக்கும் அந்த மாத்திரையில் எரிச்சல் தணிவது உண்டு. நீண்ட நாள் சாப்பிட்டுச் சட்டென்று நிறுத்தினால், அடங்கியிருந்த அமிலச் சுரப்பு சில வாரங்களுக்கு அளவுமீறி எழும். அதையும் நோய் திரும்பிவிட்டதாக எண்ணி அட்டையைத் தேடுகிறோம். தொண்டைக் கரகரப்பும் வறட்டு இருமலும் மட்டுமே உள்ளவர்கள் முதலிலேயே சோதித்துக்கொள்வது நல்லது.

வாய்வழியே கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்வார்கள், மாத்திரையை விழுங்கிக்கொண்டே செய்வார்கள். உணவுக்குழாயில் இருந்த புண் அதற்குள் ஆறிப்போயிருக்கும், பிறகு எதைப் பார்ப்பது? மருத்துவர் சம்மதத்துடன் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திவிட்டுச் செய்தால்தான் பயன். அறிக்கையில் 'லேசான இரைப்பை அழற்சி' என்றிருந்தால் அது இரைப்பையைப் பற்றிய செய்தி. அமிலம் மேலேறுகிறது என்பதற்குச் சான்றல்ல. உணவுக்குழாய்ப் புண்ணை லாஸ் ஏஞ்சலிஸ் முறைப்படி ஏ முதல் டி வரை தரம் பிரிப்பார்கள். ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டாத 'ஏ' தொந்தரவே இல்லாதவர்களிடமும் காணப்படும். பி, சி, டி ஆகியவைதான் சான்று. எதுவுமே தெரியவில்லை என்றாலும் நோய் இல்லை என்றாகிவிடாது. நெஞ்செரிச்சல்காரர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே புண் இருப்பதில்லை.

அடுத்தது 24 மணி நேர அமிலச் சோதனை. ஏழு நாள் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டும். மூக்கு வழியே மெல்லிய குழாய் இறங்கும். அதன் உணரி, உணவுக்குழாயின் அடிவாய்த் தசைக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே நிற்கும். கன்னத்தில் பிளாஸ்திரி, இடுப்பில் பதிவுக் கருவி. பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். குழாயோடு வெளியே போகக் கூச்சப்பட்டு, கஞ்சி குடித்துவிட்டு நாளெல்லாம் சாய்ந்தே கிடக்கிறார்கள். வழக்கமாக எரிச்சல் தரும் காரக்குழம்பையும் இரவு பத்து மணி பரோட்டாவையும் அன்றைக்குத்தான் சாப்பிட வேண்டும்! எரியும்போது, உண்ணும்போது, படுக்கும்போது பொத்தானை அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் அமிலம் ஏறிய நேரமும் உங்களுக்கு எரிந்த நேரமும் பொருந்துகின்றனவா என்று சொல்ல முடியாது. குழாயைத் தாங்க முடியாதவர்களுக்குக் கம்பியில்லாக் கேப்ஸ்யூல் உண்டு; நான்கு நாள் வரை பதிந்துவிட்டுத் தானே உதிர்ந்துவிடும். குழாய் வைக்குமுன் உணவுக்குழாய்த் தசையின் அழுத்தத்தை அளக்கும் சோதனையை வீண்செலவு என்று தள்ளாதீர்கள். அக்கலேசியா என்னும் விழுங்கல் கோளாறு பல ஆண்டுகள் எதுக்களிப்பு வேடத்தில் திரிவதுண்டு.

விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் எடை குறைதல், கறுப்பு மலம், ரத்தசோகை என்றால் எட்டு வாரமும் காத்திருக்கக் கூடாது. நெஞ்சுவலி என்றால் முதலில் இதயத்தைப் பாருங்கள். ஆஸ்பிரினால் வயிற்றுப்புண் வராமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், ஏற்கெனவே சி, டி என்று உறுதியானவர்களும் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

அமிலச் சோதனையில், ஒரு நாளில் உணவுக்குழாய் அமிலத்தில் நனைந்த நேரம் ஆறு சதவீதத்தைத் தாண்டினால் நோய் உறுதி. அதன்பின் மாத்திரையைத் தயங்காமல் தொடரலாம். நான்குக்குக் கீழே என்றால் இயல்பு. இடைப்பட்டவர்களுக்கு மற்ற அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். எண்டோஸ்கோபியும் இதுவும் இயல்பாக இருந்து, எரிச்சல் மட்டும் மெய்யென்றால், அது நரம்பின் கூருணர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேறு. அமிலத்தை அடக்கும் மாத்திரைக்கு அங்கே பெரிதாக வேலையில்லை.