கத்திரி வெயிலில் வாட்டர் கலர்: புது டியூப் திறப்பதிலிருந்து சரக்கொன்றை வரை

போன கோடையில் அக்கா வீட்டுக்கு ஒரு காகிதப்பூப் படம் வரைந்து கொடுத்தேன். கூடத்தில், மேற்கு சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள். இந்தப் பொங்கலுக்குப் போய்ப் பார்த்தால் மதில் இருக்கிறது, இலை இருக்கிறது, பூ இல்லை. இளஞ்சிவப்பு இருந்த இடமெல்லாம் சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி வெளுத்திருந்தது. அன்று மனது மிகவும் கஷ்டப்பட்டது. அதற்குப் பிறகு எந்தப் புது வண்ணத்தையும் சோதிக்காமல் நல்ல தாளில் வைப்பதில்லை.

இந்த மே மாதம் இரண்டு புது மஞ்சள் வாங்கினேன். சரக்கொன்றை பூத்து முடிவதற்குள் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் உட்கார்ந்து வரைய வேண்டும் என்பது திட்டம். அதற்காகச் செய்ததை அப்படியே எழுதுகிறேன். தாளை டேப் போட்டு ஒட்டுவது, பென்சிலில் கோடு போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்னால் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். 'சாப் கிரீன்' என்று நான்கு கம்பெனி விற்றால் நான்கும் வேறு வேறு கலவை. பின்னால் பொடி எழுத்தில் நிறமியின் எண் இருக்கும். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரைன். பி.வி. 19 என்றால் குயினாக்ரிடோன் ரோஸ். ஒரே ஒரு எண் இருக்கிற டியூபாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று எண் இருந்தால் ஏற்கெனவே கலந்து கொடுத்திருக்கிறார்கள். அதோடு நீங்கள் இன்னொன்றைக் கலந்தால் சீக்கிரம் சேறாகிவிடும். 'ஹியூ' என்று போட்டிருந்தால் அசல் நிறமிக்குப் பதிலாக வேறொன்றை வைத்து அதே சாயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள். அது கெட்டது இல்லை, தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை. பழைய அலிசரின் கிரிம்சன், அதாவது பி.ஆர். 83, வெளிச்சத்தில் மங்கும். 'ஓபரா' என்ற பெயரில் வரும் பளீர் இளஞ்சிவப்பில் ஒளிரும் சாயம் கலந்திருக்கும். அது இன்னும் வேகமாகப் போய்விடும். காகிதப்பூவுக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் இல்லை என்பது உண்மைதான். ஸ்கெட்ச் புத்தகத்துக்குள் பயன்படுத்துங்கள், சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டாம். அக்கா வீட்டுப் படத்தில் நான் செய்த தவறு இதுதான்.

24 வண்ணப் பெட்டியை விட நல்ல ஆறு டியூப் மேல். என் ஆறு: அல்ட்ராமரைன், தாலோ புளூ, பர்ன்ட் சியன்னா, குயினாக்ரிடோன் ரோஸ், இந்த வருடம் வாங்கிய இரண்டு மஞ்சள், அதாவது பி.ஒய். 154, பி.ஒய். 150. கையில் காசு குறைவென்றால் முதலில் தாளுக்குச் செலவழியுங்கள். நூறு சதவீதம் பருத்தி, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), கோல்ட் பிரஸ்டு (லேசாகச் சொரசொரப்பான மேற்பரப்பு). சாதாரண வண்ணம் நல்ல தாளில் அழகாக உட்காரும். விலையுயர்ந்த வண்ணத்தால் மோசமான தாளைக் காப்பாற்ற முடியாது.

படி 2: சோதனை அட்டை

வரையப்போகும் அதே தாளில் போஸ்ட் கார்டு அளவுக்குத் துண்டு நறுக்குங்கள். ஸ்கெட்ச் புத்தகத் தாளில் சோதித்துவிட்டு பருத்தித் தாளில் வரைந்தால் சோதித்ததற்கு அர்த்தம் இல்லை. தண்ணீரில் கரையாத கறுப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டுக் காயவிடுங்கள். ஒவ்வொரு வண்ணத்தையும் கெட்டியாகத் தொடங்கி, தண்ணீர் கூட்டிக்கூட்டி, கோட்டைத் தாண்டி இழுங்கள். கோட்டின் மேல் பால் படிந்தது போல் தெரிந்தால் அந்த வண்ணம் ஒளிபுகாதது. கோடு கறுப்பாகவே நின்றால் ஒளிபுகும்.

மறுநாள், ஈரப் பிரஷ்ஷால் ஓர் ஓரத்தைத் தேய்த்து டிஷ்யூவால் ஒற்றுங்கள். அல்ட்ராமரைன் பெரும்பாலும் எழுந்து வந்துவிடும். தாலோ புளூ தாளைப் பிடித்துக்கொள்ளும். வானத்து நீலத்தைப் பிறகு ஒற்றி எடுத்து மேகம் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும்.

பி.ஒய். 150ஐ டியூபிலிருந்து பிதுக்கியதும் பயந்துவிடாதீர்கள். கெட்டியாக இருக்கும்போது பழைய கடுகு எண்ணெய் போல மங்கலாக, கொஞ்சம் பழுப்பாக இருக்கும். தண்ணீர் சேர்த்து இழுக்க இழுக்க உள்ளிருந்து விளக்கு ஏற்றியது போல் தெளிந்த மஞ்சள் வரும். நான் அந்த அட்டையைச் சன்னலோரம் வைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படி 3: அட்டையில் பாதியை வெயிலுக்குக் கொடுங்கள்

எல்லா வண்ணத்திலும் ஒரு பட்டை தீட்டி, பட்டைகளின் பாதியை அலுமினியத் தாளால் இறுக்கமாக மூடி, மேற்கு சன்னல் கண்ணாடியில் உட்புறமாக ஒட்டுங்கள். பின்னால் தேதி எழுதுங்கள். மூன்று மாதம் தொடக் கூடாது. பிறகு பிரித்தால் எந்த வண்ணம் மங்கியது என்று தெரியும். இது புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1888இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் நீர்வண்ணங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து அரசுக்கே அறிக்கை கொடுத்தார்கள். நம் ஊர்ச் சித்திரை, வைகாசி வெயிலைப் போல் கறாரான பரிசோதகர் கிடைக்க மாட்டார், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: பேனில் நிரப்புதல்

பேன் என்பது வண்ணப் பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கிண்ணம், டியூப் வண்ணத்தை அதில் நிரப்பிக் காயவிட வேண்டும். ஒரே தடவையில் நிரப்பினால் மதுரையின் வறண்ட காற்றில் வெடித்துப் பாளம் பாளமாகிவிடும். மூன்று தடவையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் விட்டு நிரப்புங்கள். வெடிக்கிற வண்ணத்தில் மட்டும் குண்டூசித் தலையளவு கிளிசரின் கலக்கலாம்.

படி 5: வெயிலில் வாஷ் (இதை மெதுவாகப் படியுங்கள்)

வாஷ் என்றால் நீர்த்த வண்ணத்தைப் பெரிய இடத்தில் ஒரே சீராகப் பரப்புவது. இந்த இடத்தில்தான் நான் மூன்று கோடை தடுமாறினேன். வானத்தை மேலிருந்து இழுத்துக்கொண்டு வருவேன். பாதி வருவதற்குள் மேல் பாதி காய்ந்து கோடு விழும். அதைச் சரிசெய்ய ஈரப் பிரஷ்ஷை வைப்பேன், காலிஃபிளவர் மாதிரி ஓரம் நெளிந்த கறை பூக்கும். பிரஷ்தான் காரணம் என்று நினைத்து இரண்டு பிரஷ் மாற்றினேன். காரணம் பிரஷ் இல்லை, தாளின் ஈரம்.

கிளம்பும் முன் தாளின் இரண்டு பக்கத்தையும் நன்றாக நனையுங்கள். பின்பக்கம் முதலில். ஐந்து நிமிடம் ஊறவிட்டு இன்னொரு தடவை. ஓர் அக்ரிலிக் தகட்டின் மேல் பரப்பி, அடியில் காற்றுக் குமிழ் இல்லாமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். டேப் தேவையில்லை, தண்ணீரே பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை மூடி எடுத்துப் போங்கள். தகட்டுக்கும் தாளுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர், மேற்புறம் காயக் காய அடியிலிருந்து ஊட்டிக்கொண்டே இருக்கும். மர அட்டையில் இது நடக்காது, அது தண்ணீரைக் குடித்துவிடும். பருத்தி இல்லாத தாளிலும் பாதிப் பலன்தான்.

வண்ணத்தை முன்கூட்டியே குழம்பு மாதிரி நிறையக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தீர்ந்து மறுபடி கலக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் கோடு விழுகிறது.

அடுத்தது பளபளப்பைப் பார்க்கக் கற்றுக்கொள்வது. தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி போல் மின்னினால் இன்னும் வண்ணம் விடலாம். பட்டுத்துணி மாதிரி மங்கிய மினுக்கம் வந்துவிட்டால், தாளில் இருப்பதைவிட அதிகத் தண்ணீர் உள்ள பிரஷ்ஷைக் கொண்டுபோகாதீர்கள். அந்தத் தண்ணீர் நிறமியை ஓரத்துக்குத் தள்ளித்தான் காலிஃபிளவர் உண்டாகிறது. மினுக்கம் முழுக்கப் போன பிறகு புறங்கையைத் தாளுக்கு மேல் லேசாக வையுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, காத்திருங்கள். சூடு ஏறியிருந்தால் அடுத்த பூச்சுக்குத் தயார்.

தாளின் மேல் நேர் வெயில் படவே கூடாது. வெள்ளைத் தாள் கண்ணைக் கூசச் செய்யும், அதனால் எல்லாவற்றையும் தேவைக்கு மேல் அடர்த்தியாகப் போட்டுவிடுவோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். நான் காலை 6 மணிக்கெல்லாம் ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். எட்டரைக்கு எழுந்துவிடுவேன்.

படி 6: சரக்கொன்றை

கொத்தை முதலில் நன்றாகப் பாருங்கள். மேலே காம்புப் பக்கம் மலர்ந்திருக்கும், நுனியில் மொட்டு உருண்டை உருண்டையாகத் தொங்கும். இதைத் தலைகீழாகப் போட்டால் பார்க்கிறவருக்குக் காரணம் புரியாமலே ஏதோ உறுத்தும்.

வெளிச்சம் படும் இதழுக்கு பி.ஒய். 154, தண்ணீர் கூட்டி. நிழல் பக்கத்துக்கு பி.ஒய். 150இல் துளி குயினாக்ரிடோன் ரோஸ். மஞ்சளை இருட்டாக்கக் கறுப்பைத் தொடாதீர்கள், பாசிப் பச்சை ஆகிவிடும். மஞ்சள் முழுக்கக் காய்ந்து, புறங்கைச் சோதனையும் முடிந்த பிறகுதான் வானம். ஈரத்தில் நீலம் சேர்ந்தால் பூ பச்சையாகும். வானத்துக்கு அல்ட்ராமரைன் வைத்தால், தவறி ஒட்டினாலும் சாம்பல் கலந்த அடங்கிய பச்சைதான் வரும். தாலோ வைத்தால் வரும் பச்சை கூவும், கழுவினாலும் போகாது.

சேர்க்கை 1: கிளிசரின் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி, பேன் பத்து நாளாகியும் பிசுபிசுவென்று இருக்கிறது, மேலே பூசணம் பூத்துவிட்டது என்று எழுதியிருந்தார். தவறு என்னுடையது, உள்ளூர்க் காற்றை மனதில் வைத்து எழுதிவிட்டேன். கடற்கரை ஊர்க்காரர்கள் கிளிசரினே சேர்க்க வேண்டாம். சில கம்பெனிகள் வண்ணத்தில் தேன் சேர்ப்பதுண்டு, அப்படித் தேன் கலந்த வண்ணங்களைப் பேனில் நிரப்பாமல், டியூபிலிருந்து அன்றன்றைக்குப் பிதுக்கிக்கொள்ளுங்கள். பெட்டியை மூடும் முன் நன்றாக உலரவிடுங்கள்.

சேர்க்கை 2: தேன் கலந்த வண்ணத்துக்கு எறும்பு வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எனக்கும் வந்தது. சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதுதான்: தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் பெட்டியை வையுங்கள்.

சேர்க்கை 3, ஆடி மாதம்: சன்னல் அட்டையின் அலுமினியத் தாளை இன்று பிரித்தேன். இரண்டு மஞ்சளிலும் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓரமாகத் தீட்டியிருந்த ஓபராவில், மூடாத பாதி கிட்டத்தட்ட வெறும் தாள். அக்காவுக்குப் புதுக் காகிதப்பூவைக் குயினாக்ரிடோன் ரோஸில் தொடங்கிவிட்டேன். அந்தப் பளீர் கொஞ்சம் குறைவுதான், சுற்றியுள்ள இலையை இருட்டாக்கிப் பூவைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.