படியில்லாத போர்ச்சில் பூசணி வைப்பவர்களுக்கு

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்தால் வீட்டு வாசலை அலங்கரிக்கவென்று கடை வாசல்களில் மஞ்சள் பூசணி மலைபோல் குவிந்துவிடும். படிக்கட்டு வைத்த போர்ச் (வீட்டு முன்வாசல் தளம்) என்றால் படிக்கு ஒன்று வைத்தாலே அழகு. எங்கள் நியூஜெர்சி வீட்டில் இருப்பதோ வெறும் சிமென்ட் தளம். முதல் வருஷம் ஏழு பூசணிகளைச் சுவரோரம் வரிசையாக வைத்தேன். தெருவில் நின்று பார்த்தால் சந்தையில் கடை விரித்தது போல் இருந்தது.

இத்தனைக்கும் அதே வாரத்தில் வீட்டுக்குள் கொலுப்படி கட்டியிருந்தேன்! தட்டையான போர்ச்சுக்கும் அதுதான் வேண்டும், உயரம். கவிழ்த்த மரப்பெட்டி, பழைய ஸ்டூல், எதுவானாலும் சரி. கதவுக்கு ஒரு பக்கம் ஆளுயரத்துக்குச் சோளத்தட்டைக் கட்டு, அதன் முன்னால் பெட்டிமேல் ஒரு சாமந்தித் தொட்டி, தரையில் பூசணி. மறுபக்கமும் அச்சாக அப்படியே இருக்க வேண்டியதில்லை.

பெட்டிக்குப் பதில் வைக்கோல் கட்டு வாங்குவதானால் ‘ஸ்ட்ரா’ என்று கேட்டு வாங்குங்கள். ‘ஹே’ என்பது மாட்டுத் தீவனப் புல். விதையோடு இருப்பதால் மழையில் நனைந்து முளைக்கும், எலியும் தேடி வரும். எந்தக் கட்டானாலும் பக்கத்தில் மெழுகுவத்தி கூடாது. பேட்டரி விளக்கு போதும்.

அப்புறம் பூசணி. பூசணியில் பேய்முகம் செதுக்கி வைக்கும் ஹாலோவீன் பண்டிகை அக்டோபர் 31-ல். மாத ஆரம்பத்திலேயே முகம் செதுக்கிவிட்டால் அன்றைக்குப் பூஞ்சை பிடித்த முகம்தான் இருக்கும். செதுக்கியது ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. கடைசி இரண்டு மூன்று நாளில் செதுக்குங்கள். செதுக்காத பூசணி நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வரை நிற்கும். ஆனால் ஈரச் சிமென்டில் நேராக வைத்தால் அடிப்பக்கம் அழுகும், கீழே ஒரு பலகை போடுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு ஒடிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். (அந்தப் பெரிய பூசணியைச் சாம்பாருக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். சப்பென்று நீர்த்துப்போய் இருக்கும்.)

சாமந்தியை இங்கே ‘மம்ஸ்’ என்பார்கள். கடையில் முழுக்க மலர்ந்து நிற்கும் தொட்டிமேல்தான் கை போகும். மொட்டு நிறைந்ததை எடுங்கள், பல வாரம் பூக்கும். மண் ஒருமுறை காய்ந்து இறுகிவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும். தொட்டியை வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வையுங்கள்.

காட்டோரத்தில் ஆரஞ்சு நிறக் காய் காய்த்துத் தொங்கும் பிட்டர்ஸ்வீட் கொடியைப் பறித்துக் கதவில் மாட்டும் அலங்கார வளையத்தில் சுற்றுவதும் தவறுதான். ஆசியாவிலிருந்து வந்த வகை அது, மரத்தையே நெரிக்கும். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். மாசசூசெட்ஸில் விற்கவே தடை.

எல்லாம் வாங்கி வந்தபின், ஒன்றையும் இறக்கி வைப்பதற்கு முன், வெளிப்பக்கம் திறக்கும் ஸ்டார்ம் டோரை (வாசல் கதவுக்கு வெளியே இருக்கும் இரண்டாவது கதவை) முழுசாகத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் சாமந்தித் தொட்டி உடைந்தது அதில் இடிபட்டுத்தான்.