அமெரிக்கப் பழைய பாணி மடக்குக் கத்திகள்: சேகரிக்கத் தொடங்குபவருக்கு

ஒரு பழைய அமெரிக்க மடக்குக் கத்தியைச் செய்தவர் யார், எந்த ஆண்டில் செய்தார், எத்தனை காலம் அது சாணை கண்டது, இடையில் யாராவது அதைப் பிரித்துப் பழுதுபார்த்தார்களா என்ற கேள்விகளுக்கு அந்தக் கத்தியிலேயே பெரும்பாலும் விடை இருக்கும். அந்த விடைகளைப் படிக்கத் தெரிந்த பிறகு பணத்தை வெளியே எடுப்பதுதான் நல்லது. விற்பவரின் பாட்டனார் அதை எந்தப் போருக்கு எடுத்துச் சென்றார் என்ற கதை சுவையாக இருக்கலாம். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே பழைய பாணிக் கத்தி என்று சொல்வது ஸ்லிப்ஜாயிண்ட் என்ற வகையை. அதில் பூட்டு கிடையாது. கத்தியின் முதுகில் ஓடும் ஸ்பிரிங் கொடுக்கும் அழுத்தம் ஒன்றே அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிறுத்தி வைக்கிறது. பக் நிறுவனம் 1964இல் கொண்டுவந்த 110 என்ற வேட்டைக் கத்தி பூட்டு உள்ளது என்றாலும், மரப்பிடியும், பிடியின் முனைகளைக் காக்கும் பித்தளைப் பூணும் கொண்ட அதன் தோற்றத்துக்காகப் பலர் அதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முதல் கத்தியாக அதை வாங்கினால் ஸ்லிப்ஜாயிண்ட்டின் நுணுக்கங்கள் பழகாது.

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஓராண்டுக்குள் ஒரு பெட்டி நிறையக் கத்திகள் சேரும், அறிவு சேராது. ஆகவே ஒரு எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரே நிறுவனத்தின் கத்திகளை ஆண்டுவாரியாகச் சேர்ப்பது ஒரு வழி. ஒரே வடிவத்தைப் பல நிறுவனங்களிடமிருந்து சேர்ப்பது இன்னொரு வழி. நான் பரிந்துரைப்பது இரண்டாவதை, அதிலும் ஸ்டாக்மேன் வடிவத்தை. கால்நடை வளர்ப்பவர்களுக்காக உருவான அந்தக் கத்தியில் மூன்று அலகுகள் இருக்கும்: முனையருகே முதுகு வெட்டி இறக்கப்பட்ட பெரிய அலகு, நேர்க்கோடான கூர்விளிம்பு கொண்ட ஷீப்ஃபுட், கன்றுகளுக்குக் காயடிப்பதற்கென்றே முனை மழுக்கப்பட்ட ஸ்பே. பெயர் பெற்ற நிறுவனங்களில் அநேகமாக எல்லாமே இதைச் செய்திருப்பதால், ஒப்பிட்டுப் பார்த்துக் கற்க இதைவிடத் தோதான வடிவம் இல்லை. ஒத்த நீளமுள்ள இரண்டு நீண்ட அலகுகளோடு வரும் டிராப்பர், நீண்ட இரும்புப் பூண் கொண்ட பார்லோ, விரலளவே உள்ள பீநட் ஆகியவையும் தொடங்குவதற்கு ஏற்றவை.

யார் செய்தவை

அமெரிக்கக் கத்தித் தொழில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து குடியேறிய கைவினைஞர்களால் கனெக்டிகட், நியூயார்க் மாநிலங்களில் வேரூன்றியது. 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கவரிச் சட்டம் இறக்குமதிக் கத்திகளின் மீது கடும் வரி விதித்ததோடு, வெளிநாட்டுப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றும் ஆக்கியது. சேகரிப்பாளருக்கு இந்தச் சட்டம் ஒரு கால அளவுகோல். அமெரிக்கக் கடைப் பெயரோடு ‘ஜெர்மனி’ என்ற முத்திரையும் இருந்தால், அந்தக் கத்தி அநேகமாக அச்சட்டத்துக்குப் பிந்திய இறக்குமதி என்று கொள்ளலாம்.

அந்தத் தொழிலில் இன்று எஞ்சியிருப்பது சிறிதே. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் உள்ள கேஸ் நிறுவனம் இப்போதும் கத்தி செய்கிறது. அதே ஊரின் ஸிப்போ லைட்டர் நிறுவனம் 1993இல் அதை வாங்கியது. அதே மாநிலத்தின் டைட்டஸ்வில்லில் 2006இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி, பழைய வடிவங்களை 1095 என்ற கார்பன் எஃகில் சிறு தொகுதிகளாகச் செய்து, நார்த்ஃபீல்ட், டிடியூட் முதலிய பெயர்களில் விற்கிறது. நியூயார்க் மாநிலத்தின் எல்லன்வில்லில் இருந்த இம்பீரியல் ஷ்ரேட் 2004இலும், கமில்லஸ் 2007இலும், டைட்டஸ்வில்லின் குவீன் 2018இலும் மூடப்பட்டன. ஆலைகள் மறைந்தபின் பெயர்கள் மட்டும் கைமாறின என்பதால்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஷ்ரேட், அதன் வணிகப் பெயரான ஓல்ட் டைமர் என்ற பெயர்களோடு இன்று கடையில் தொங்குபவை பெரும்பாலும் சீனாவில் செய்யப்பட்டவை. முத்திரையில் ‘யு.எஸ்.ஏ.’ இல்லாத ஓல்ட் டைமருக்குச் சேகரிப்பில் இடமில்லை.

முத்திரையைப் படித்தல்

பிடிக்குள் மாட்டப்பட்டிருக்கும் அலகின் அடிப்பகுதிக்கு டேங் என்று பெயர். பெரிய அலகின் டேங்கில் செய்தவரின் பெயர் அழுத்தப்பட்டிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் போதும். இதைக் கற்க மிகச் சிறந்த பாடம் கேஸ் கத்திகள்தான்.

1920 முதல் 1940 வரையான கேஸ் கத்திகளில் ‘கேஸ் டெஸ்டட் எக்ஸ்எக்ஸ்’ என்றும், 1940களிலிருந்து 1964 வரை ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ என்றும், 1965 முதல் 1969 வரை அதோடு ‘யு.எஸ்.ஏ.’ சேர்ந்தும் முத்திரை இருக்கும். 1970இல் அந்நிறுவனம் ஒரு எளிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முத்திரையின் கீழே பத்துப் புள்ளிகளை வைத்து, ஆண்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். ஆகவே பத்துப் புள்ளி 1970, ஏழு புள்ளி 1973, ஒற்றைப் புள்ளி 1979. 1980இல் மீண்டும் பத்துப் புள்ளிகளிலிருந்து தொடங்கினார்கள். ஆனால் இந்த முறை பெயரில் உள்ள எஸ் எழுத்தை மின்னல் கீற்றுப்போல் முறித்து எழுதினார்கள். ஐந்து புள்ளிகள் கொண்ட கத்தி 1975ஆ 1985ஆ என்ற ஐயத்தை அந்த ஓர் எழுத்து தீர்த்துவிடும். 1990களில் இந்த முறை மாறியது; 2000இலிருந்து எக்ஸ் குறிகளும் புள்ளிகளும் கலந்து வரத் தொடங்கின. புள்ளிகளை எண்ணும்போது கத்தியை விளக்குக்குக் குறுக்காகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த புள்ளி கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு புள்ளி தப்பினால் ஓர் ஆண்டு தப்பும்.

கேஸ் கத்தியில் ஆண்டு தவிர ஒரு வடிவ எண்ணும் இருக்கும். 6318 என்ற எண்ணில், முதல் இலக்கமான 6 மேற்பரப்பில் சிறு வெட்டுகளாகக் கொத்து வேலை செய்த எலும்புப் பிடியையும், 3 அலகுகளின் எண்ணிக்கையையும், 18 ஸ்டாக்மேன் வடிவத்தையும் குறிக்கும். 5254 என்றால் 5 மான்கொம்பு, 2 இரண்டு அலகு, 54 டிராப்பர். முதல் இலக்கம் 3 ஆக இருந்தால் மஞ்சள் செயற்கைப் பிடி. இதனால் கிடைக்கும் நன்மை பெரிது: 5 என்று தொடங்கும் கத்தியின் பிடி எலும்பாக இருந்தால், பிடியை யாரோ மாற்றியிருக்கிறார்கள், மூன்று அலகு என்று சொல்லும் எண்ணில் இரண்டே அலகு இருந்தால், ஒன்று முறிந்து எடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு விலக்கையும் நினைவில் வைக்க வேண்டும். எலும்பைப் போலக் கொத்திய டெல்ரின் என்ற செயற்கைப் பிடிக்கும் அதே 6 போடப்பட்டது. லென்ஸில் பார்த்தால் உண்மை எலும்பில் நுண்துளைகள் தெரியும். டெல்ரினில் நிறம் சீராக இருக்கும், துளைகள் இருக்காது.

ஷ்ரேட் கத்திகளில் ஆண்டுக் குறி கிடையாது என்றாலும் காலத்தைக் கணிக்கலாம். ‘ஷ்ரேட் கட். கோ.’ என்ற முத்திரை 1946க்கு முந்திய காலத்தது. அந்த ஆண்டில் நிறுவனம் கைமாறிய பின் ‘ஷ்ரேட் வால்டன்’ வந்தது. 1970களிலிருந்து ‘வால்டன்’ நீங்கியது.

கையில் எடுத்துப் பார்க்கும் முறை

முத்திரை சரியாக இருந்தாலும் கத்தி சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தப் பகுதியில் அவசரப்படக் கூடாது. முதலில் எல்லா அலகுகளையும் மூடி, கத்தியை மேலிருந்து பார்க்கவும். அலகின் முனை, பிடியின் உட்புறத்தில் இருபக்கமும் உள்ள உள் தகடுகளுக்குக் கீழே அடங்கியிருக்க வேண்டும். வெளியே எட்டிப் பார்த்தால், முனைப் பக்கத்தை யாரோ அளவுக்கு மீறித் தீட்டியிருக்கிறார்கள். அடுத்து ஒவ்வோர் அலகாகத் திறக்கவும். நல்ல ஸ்பிரிங் அலகைத் தானே இழுத்துக்கொண்டு ‘டக்’ என்று நிறுத்தும். திறந்த அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கவும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஸ்பிரிங்கின் முதுகு பிடியின் முதுகோடு ஒரே மட்டத்தில் இருப்பது நல்ல வேலைப்பாட்டின் அடையாளம். பிறகு கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஸ்பிரிங்குக்கும் உள் தகட்டுக்கும் நடுவே ஒளி கசிகிறதா என்று கவனிக்கவும்.

பழுதுபார்ப்பைக் கண்டுபிடிக்கப் பூணைப் பார்க்க வேண்டும். ஆலையில் செய்யும்போது அலகைத் தாங்கும் ஆணியைப் பூணோடு அடித்து மெருகேற்றிவிடுவதால், அதன் தலை பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. வட்டமாக அது தெரிந்தால், கத்தியைப் பிரித்து அலகை மாற்றியிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. மற்ற அலகுகளிலிருந்து ஒன்றின் நிறம் மட்டும் வேறுபட்டால் ஐயம் இன்னும் வலுக்கும்.

போலி முத்திரைக்கு நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. பழைய கார்பன் எஃகில் துரு தின்ற சிறு பள்ளங்கள் இருக்கும். முத்திரை முதலிலும் துரு பின்னாலும் வந்திருந்தால், பள்ளம் எழுத்தின் ஓரத்தை அரித்திருக்கும். பள்ளங்களின் நடுவே எழுத்தின் விளிம்பு மட்டும் கூர்மையாக, புதிதாக நிற்குமானால், அந்தப் பெயர் பிற்பாடு அடிக்கப்பட்டது. ரெமிங்டன் நிறுவனம் 1920க்கும் 1940க்கும் இடையில் செய்த கத்திகளுக்கும், துப்பாக்கித் தோட்டா வடிவச் சின்னம் பதித்த அதன் வேட்டைக் கத்திகளுக்கும் மிகுந்த தேவை இருப்பதால், அவற்றில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. 1982 முதல் வந்த மறுவெளியீடுகளும் சந்தையில் உள்ளன; அவை போலி அல்ல, ஆனால் பழைய கத்தியின் விலைக்கு உரியவையும் அல்ல.

தேய்மானத்தைச் சொல்ல அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடையே பொதுவான தர வரிசை ஒன்று உண்டு. ஒருமுறைகூடத் தீட்டாத, பையில் போடாத கத்தி மின்ட். அலகு பத்து விழுக்காடு வரை தேய்ந்தால் எக்ஸலன்ட், கால் பங்கு வரை தேய்ந்தால் வெரி குட், பாதி போனால் ஃபேர். தேய்மானத்தை அளக்க அந்த வடிவத்தின் பழைய விலைப்பட்டியல் படத்தோடு ஒப்பிட வேண்டும். தனியாகப் பார்த்தால் பாதி தேய்ந்த அலகும் ஒல்லியான அழகோடு தெரியும். மெருகு போட்டுப் பளபளப்பாக்கிய பழைய கத்தியைவிடக் கறுத்து, நேர்மையாகத் தேய்ந்த கத்தியே மேல். மெருகுச் சக்கரம் முத்திரையையும் கொத்து வேலையையும் ஒரே நேரத்தில் தின்றுவிடும்.

பிடிகளும் பராமரிப்பும்

மான்கொம்புப் பிடிகளில் உயர்வாகக் கருதப்படுவது இந்தியக் கடமானின் கொம்பு. 1990களின் இறுதியில் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்தது முதல் பழைய இருப்பு அருகிப்போய், கொம்புப் பிடிக் கத்திகளின் விலை ஏறியது. அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் ஊருக்கு வரும்போது இத்தகைய கத்தியைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. வனவிலங்குச் சட்டத்தில் வீண் சிக்கல் வரும். வேறு பிடிக் கத்தியானாலும் கைப்பையில் வைக்காமல், விமானத்தின் சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

வாங்குவதற்கு, அட்லாண்டாவில் ஆண்டுதோறும் நடக்கும் பிளேடு ஷோ போன்ற கண்காட்சிகளும், வீட்டுப் பொருள்களை ஏலம் விடும் இடங்களும் ஏற்றவை. அங்கே கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். இணைய ஏலத்தில் வாங்குவதானால், டேங்கின் இரு பக்கங்களும், எல்லா அலகுகளும் திறந்த நிலையும், மூடிய கத்தியின் மேல்பக்கமும் தெரியும் படங்களைக் கேட்டுப் பெற வேண்டும். அவற்றைத் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

கார்பன் எஃகுக்குத் துரு பகை. துடைத்து, தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டை மூட்டில் விட்டு, அலகில் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகி மூட்டை இறுக்கும். தோலுறையில் போட்டு வைக்கவே கூடாது. தோல் பதனிடும் பொருள்கள் பித்தளையில் பச்சைக் களிம்பையும் எஃகில் துருவையும் உண்டாக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட, துணி விரித்த மரப்பெட்டி அல்லது பிளாஸ்டிக் பெட்டி போதும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மிகவும் புழங்கிய செல்லுலாய்ட் பிடிகளுக்கு மட்டும் வேறு ஏற்பாடு வேண்டும். பிடியை விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்ட். அதில் கற்பூரம் சேர்க்கப்படுகிறது. அது சிதையத் தொடங்கினால் அமில ஆவியை வெளியிட்டுப் பக்கத்தில் உள்ள நல்ல கத்திகளின் எஃகையும் அரிக்கும். எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். ஆகவே செல்லுலாய்ட் கத்திகளை மூடிய பெட்டியில் அடைக்காமல், காற்றோட்டமுள்ள தனித் தட்டில், வெயிலும் அடுப்பும் எட்டாத இடத்தில் வைக்கவும். பிடியில் நுண்விரிசல் ஓடினாலோ, பிடியை ஒட்டிய அலகில் திடீரெனப் புதுத் துரு தெரிந்தாலோ, அந்தக் கத்தியை அன்றே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும்.