‘மேங்கோ’: எழுத்து, பொருள், பிறப்பு – ஒரே பாடவேளையில் சொல்லிக்கொடுக்க

ஐந்தே எழுத்து என்பதால் ‘மேங்கோ’வை இரண்டு முறை எழுத்துக்கூட்டச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். தமிழ்ப் பிள்ளைக்கு இந்த ஒரு சொல்லை முழுதாகச் சொல்லிக்கொடுக்க 40 நிமிடம் ஒதுக்கலாம், அதற்குத் தகுதியுள்ள சொல் இது. நம் மாங்காய்தான் கடல் தாண்டிப் போய் ஆங்கில உடையில் பாடப்புத்தகத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு மாங்காயும் ஒரு மாவிலைக் கொத்தும் கொண்டுவாருங்கள். காய் கிடைக்காத மாதமென்றால் இலை போதும்.

முதலில் எழுத்து. எம், ஏ, என், ஜி, ஓ. பலகையில் எழுதி, என்னுக்கும் ஜிக்கும் அடியில் ஒரே கோடு போடுங்கள். அந்த இரண்டும் சேர்ந்து ஒலிப்பதுதான் நம் ‘ங்க’. மேங்–கோ என்று இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஜி வரவேண்டிய இடத்தில் கே போடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. தமிழில் இரண்டு ஒலிக்கும் ‘க’ ஒன்றே என்பதால் பிள்ளைக்குக் குழப்பம் வருகிறது. ‘பக்கம்’, ‘பங்கு’ இரண்டையும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ‘க்க’ வரும்போது அதிர்வு நின்றுவிடும், ‘ங்க’ வரும்போது தொடரும். அதிர்வு தொடர்ந்தால் ஜி. இது தமிழ் ஒலிக்கான சோதனை மட்டுமே. ‘பேங்க்’, ‘பிங்க்’ போன்ற ஆங்கிலச் சொற்களில் கே வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

சில பிள்ளைகள் ‘மேஞ்ஜோ’ என்று வாசிப்பார்கள். ‘ஆரஞ்ச்’ பார்த்த பழக்கம். அதில் ஜிக்குப் பின்னால் இ வருவதால் ‘ஜ’ ஒலி. இங்கே பின்னால் வருவது ஓ, அதனால் ‘க’ ஒலியேதான்.

பன்மைக்கு இ, எஸ் இரண்டும் சேர்க்கலாம். வெறும் எஸ் போட்டாலும் சரியே. ஒரு நோட்டுக்குள் ஒரே மாதிரி இருக்கட்டும். மேலே காற்புள்ளி போட்டு எஸ் எழுதுவது தவறு.

பொருளில் கவனிக்க வேண்டியது ஒன்று. நாம் மாங்காய், மாம்பழம் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. காய் என்று அழுத்திச் சொல்ல ‘ரா’ அல்லது ‘கிரீன்’, பழம் என்றால் ‘ரைப்’ என்று முன்னால் சேர்க்க வேண்டும். ஊறுகாய்க்கு இந்த அடைமொழி தேவையில்லை, ‘மேங்கோ பிக்கிள்’ போதும். பழைய காலத்தில் மாம்பழம் கப்பலில் அழுகிவிடும் என்பதால் இங்கிலாந்துக்குப் போனது ஊறுகாய்தான். அதைப் பார்த்து வெள்ளரி, முலாம்பழம் போன்றவற்றைக் குடைந்து, மசாலா அடைத்து ஊறப்போட்டதையும் அங்கே மேங்கோ என்றார்கள். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் சில பகுதிகளில் குடைமிளகாய்க்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இனி பிறப்பு. பாதி நேரத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மாவிலையைக் காட்டி, மரத்தின் பெயரைக் கேளுங்கள். மாமரம் என்பார்கள். ‘மரம்’ என்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ‘மா’. டெல்டாப் பிள்ளைகளுக்கு மா என்றதும் நிலம் நினைவுக்கு வரும், 20 மா ஒரு வேலி என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். அது வேறு மா என்று தெளிவாக்கிவிட்டு, பலகையில் இப்படி எழுதுங்கள்:

மா + காய் = மாங்காய்
மா + சோலை = மாஞ்சோலை
மா + தளிர் = மாந்தளிர்
மா + பழம் = மாம்பழம்

நடுவில் புதிதாக நுழைந்த எழுத்தை வட்டமிடச் சொல்லுங்கள்: ங், ஞ், ந், ம். அடுத்து வரும் எழுத்து எதுவோ அதன் இன மெல்லெழுத்து தோன்றுகிறது. மரப்பெயருக்குப் பின் வரும் புணர்ச்சி இது, விளங்காயிலும் இதே கதைதான். ஆக ஆங்கிலச் சொல்லின் நடுவில் நிற்கும் என் என்ற எழுத்து நம் புணர்ச்சி இலக்கணம் போட்டது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

இங்கே ஒரு பிழை பரவலாக இருக்கிறது. சில ஆங்கில அகராதிகளும் இணையப் பக்கங்களும் ‘மான் என்றால் மாமரம், காய் என்றால் கனி’ என்று பிரிக்கின்றன. மான் காட்டில் ஓடும் விலங்கு. மானோடு வேறு சொல் சேர்ந்தால் ன் அப்படியே நிற்கும்: மான்கொம்பு, மான்தோல். மரத்தின் பெயர் மான் என்றால் நமக்கு மான்பழம் அல்லவா கிடைத்திருக்க வேண்டும்? குறுந்தொகையின் 8ஆம் பாட்டு ‘கழனி மாஅத்து’ என்று தொடங்குகிறது. வயலோர மாமரத்திலிருந்து விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும் மருதநிலக் காட்சி அது. அங்கேயும் மரம் மாதான்.

அடுத்து, சொல் போன வழி. மாங்காய் பேச்சில் ‘மாங்கா’ ஆகும், மலையாளத்தில் ‘மாங்ங’. போர்ச்சுக்கீசியர் 1498இல் கோழிக்கோட்டுக்கும் 1511இல் மலாக்காவுக்கும் வந்தார்கள். அவர்கள் வாயில் அது ‘மங்கா’. சில அகராதிகள் மலையாளம் வழியாகவும், சில மலாய் மொழியின் ‘மங்கா’ வழியாகவும் போனதாகச் சொல்கின்றன. இரண்டையும் எழுதிப் போடுங்கள். ஆங்கிலத்தில் இச்சொல் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்படுகிறது. 1753இல் லின்னேயஸ் வைத்த தாவரவியல் பெயர் ‘மாங்கிஃபெரா இண்டிகா’. மாங்காய் தாங்கும் இந்திய மரம் என்று அதற்குப் பொருள்.

நாகப்பட்டினத்திலும் போர்ச்சுக்கீசியர் இருந்தார்கள், 1658இல்தான் டச்சுக்காரர்களிடம் அது போனது. அதை வைத்து ‘சொல் நாகையிலிருந்துதான் கப்பலேறியது’ என்று சிலர் மேடையில் சொல்லிவிடுகிறார்கள். ஆதாரமில்லாததைப் பிள்ளைகள் நோட்டில் எழுத வைக்கக் கூடாது. நம் ஊருக்கு உண்மையாகவே உள்ள தொடர்பு வேறு: 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இச்சொல்லின் மூலம் தமிழ் என்றே சொல்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர்.

காரைக்கால் பக்கத்துப் பள்ளியானால் மாங்கனித் திருவிழாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மா + கனி, அதே ங். பிரெஞ்சில் மாம்பழத்துக்குக் கடைசியில் ஜி, யு, இ வரும். அந்த யு இல்லாவிட்டால் ஜி ஏறக்குறைய ‘ஜ்’ போல மென்மையாகிவிடும் என்பதால் அதை எழுதுகிறார்கள், ஒலிப்பதில்லை.

பாடம் முடிந்ததும் பிள்ளைகள் மேங்கோ போலத் தொடங்கும் எதையும் மாங்காயோடு சேர்ப்பார்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் ஆங்கிலப் பெயர் ‘மேங்ரோவ்’, அதற்கும் மாந்தோப்புக்கும் தொடர்பில்லை. மங்குஸ்தானும் வேறு. போர்ச்சுக்கீசிய எழுத்தை அப்படியே கைபேசியில் தேடினால் ஜப்பானியப் படக்கதைகள் வந்து நிற்கும், அதுவும் வேறு சொல்.

அடுத்த வாரத்துக்கு ‘ஜாக்ஃப்ரூட்’ நல்ல தேர்வு: மலையாளச் ‘சக்க’ போர்ச்சுக்கீசியத்தில் ‘ஜாக்கா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. வாழை டெல்டா முழுக்க நிற்பதால் ‘பனானா’வும் நம் சொல்லாக இருக்கும் என்று யாராவது கேட்பார்கள். அது மேற்கு ஆப்பிரிக்க மொழியிலிருந்து, இதே போர்ச்சுக்கீசிய, ஸ்பானியக் கப்பல்காரர்கள் வழியாக வந்தது.