அப்பாவை மலச் சோதனைக்குச் சம்மதிக்க வைப்பது எப்படி?

சிங்கப்பூரில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ‘ஃபிட்’ எனும் மலச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது பரிந்துரை. பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிப்பதற்கான சோதனை அது. ஊசி கிடையாது, மருத்துவமனைக்கு அலையவும் வேண்டாம். ஆனாலும் பல வீடுகளில், மாதிரியை வீட்டிலேயே எடுப்பதற்கான அந்த கிட் மேசை டிராயரிலேயே காலாவதியாகிறது.

1. பேச்சு

“நல்லாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு?” என்பார் அப்பா. நன்றாக இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சோதனை என்று சொல்லுங்கள். குடலின் உட்சுவரில் முளைக்கும் ‘பாலிப்’ என்ற சிறு சதை புற்றாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வலி இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியலாம். ஃபிட் தேடுவது அதைத்தான்.

ரத்தம் கண்ணுக்கே தெரிகிறதா? அப்போது கிட் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போக வேண்டும். “மூலமாத்தான் இருக்கும்” என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதுவது நம் ஆட்களின் பழைய வழக்கம். மூலமா இல்லையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

புற்றுநோய்க் கதைகளைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். பயந்தவர் கிட்டை இன்னும் உள்ளே தள்ளி வைப்பார். அம்மா சொன்னால் கேட்பார் என்றால் அம்மாவே சொல்லட்டும். இருவருக்கும் வயதிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே செய்யலாம்.

2. கிட்

‘ஹெல்தியர் எஸ்ஜி’ எனும் அரசின் நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்ந்த குடிமக்கள் பதிவு செய்த கிளினிக்கிலேயே கேட்கலாம். பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளுக்கு அங்கே கட்டணமில்லை. வாங்கியதும் கழிப்பறையில், கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

3. மாதிரி எடுப்பது

பெரியவர்கள் தயங்குவது இங்கேதான். முதலில் குழாயில் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். கையுறை போட்டபின் பேனா பிடிப்பது பெரும்பாடு. மலம் தண்ணீரில் விழக்கூடாது. அதனால் கிட்டில் உள்ள தாளைக் கழிப்பறைத் தொட்டியின் மேல் விரிக்க வேண்டும். மூடியோடு சேர்ந்த குச்சியால் மலத்தின் மேற்பரப்பைப் பல இடங்களில் கீற வேண்டும். குச்சி நுனியின் வரிப்பள்ளம் நிறைந்தால் போதும். அள்ளி அடைக்காதீர்கள்! குச்சியைக் குழாயில் செருகி இறுக மூடியபின் மறுபடி திறக்கக்கூடாது.

பொதுவாக இரண்டு குழாய்கள் இருக்கும், இரண்டு வெவ்வேறு நாள்களுக்கு. ரத்தக் கசிவு தினமும் இருக்காது என்பதால் இந்த ஏற்பாடு. மூலத்தில் ரத்தம் வரும் நாள்களிலும் மாதவிடாய் நாள்களிலும் எடுக்க வேண்டாம். சாப்பாட்டில் பத்தியம் இல்லை. முந்தைய நாள் மட்டன் பிரியாணி சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, இது மனித ரத்தத்தை மட்டுமே கண்டுகொள்ளும்.

கிட்டோடு வரும் தாளில் சொன்ன நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.

4. முடிவு

ரத்தம் இல்லை என்றால் அடுத்த ஆண்டு மறுபடியும். இருக்கிறது என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல, ஆனால் கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் கொலோனோஸ்கோப்பி கட்டாயம். “இன்னொரு தடவை ஃபிட் செஞ்சு பார்ப்போம்” என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. கொலோனோஸ்கோப்பியில் பாலிப் தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடுவார்கள். செலவுக்கு மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்த முடியும்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஏற்கெனவே பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் உங்கள் கணக்கு வேறு. 50 வரை காத்திருக்காமல், அவர்களுக்கு எந்த வயதில் வந்தது என்பதை இப்போதே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.