குழந்தையின் வலிப்புக்கு ஸ்டெம் செல் சிகிச்சை: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

சரியாகத் தேர்ந்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் நிற்காத வலிப்பை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்பார்கள். அத்தகைய குழந்தையோடு சென்னையில் மருத்துவமனை மருத்துவமனையாக அலையும் பெற்றோரிடம் யாராவது ஸ்டெம் செல் (வேறு வகை உயிரணுக்களாக மாறக்கூடிய மூல உயிரணு) பற்றிப் பேசினால், எந்த உயிரணு, அது எங்கே போய்ச் சேரும் என்று முதலில் கேளுங்கள்.

மூளையின் மிகைத் துடிப்பை அடக்குபவை, காபா என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் இடைநரம்பணுக்கள். அவற்றை மனித ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்து, வலிப்பு தொடங்கும் இடத்திலேயே வைக்க ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். அமெரிக்காவின் நியூரோனா நிறுவனம் 2022இல் முதல் நோயாளிக்கு அப்படி வைத்தது. ஆனால் அந்த ஆய்வு மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் தொடங்கும் டெம்போரல் லோப் வலிப்புள்ள பெரியவர்களுக்கானது. குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோயான ட்ராவே நோய்க்குறியில் பெரும்பாலும் எஸ்சிஎன்1ஏ மரபணுவே பழுதாகியிருப்பதால் மூளை முழுவதும் பாதிக்கப்படுகிறது. ஓரிடத்தில் அணுக்களை வைக்கும் முறையை அதற்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து ரத்தக்குழாயில் ஏற்றும் அணுக்களோ பெரும்பாலும் நுரையீரலிலேயே தங்கிவிடுகின்றன. இந்த வேறுபாட்டை விளக்க முடியாதவரிடம் குழந்தையை ஒப்படைக்க வேண்டாம்.

அடுத்து, ஆவணங்களைக் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர்த்த பிற ஸ்டெம் செல் பயன்பாடுகள் முறையான ஆய்வுக்குள் மட்டுமே நடக்க வேண்டும். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண்ணை வாங்கி, நோயின் பெயர், வயது வரம்பு, மருத்துவமனை மூன்றும் உங்கள் குழந்தைக்குப் பொருந்துகின்றனவா என்று இணையத்தில் நீங்களே பாருங்கள். பதிவு எண் இருப்பதாலேயே சிகிச்சை பலன் தரும் என்று ஆகிவிடாது. ஆய்வு என்று சொல்லிவிட்டு அந்த அணுக்களுக்கே லட்சக்கணக்கில் கேட்டால், என் கருத்தில், அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

யார் சொன்னாலும் நடப்பு மருந்துகளைத் திடீரென நிறுத்தாதீர்கள். நிற்காத தொடர்வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலோ வேறெங்கோ குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் வீடியோ இஇஜி (வீடியோவோடு சேர்த்து மூளையின் மின்னலைகளைப் பதிவது), எம்ஆர்ஐ, மரபணுப் பரிசோதனை மூன்றும் முடிந்துவிட்டனவா என்று கேளுங்கள். ட்ராவே என்று தெரிந்தால் கார்பமசெபின் போன்ற மருந்துகள் வலிப்பைக் கூட்டும் என்பதால் அவற்றை மாற்றுவார்கள். மூளைக்குச் சர்க்கரை சரியாகப் போய்ச் சேராத குளூட்-1 குறைபாடு என்றால், கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோஜெனிக் உணவுமுறை கைகொடுக்கும். ஓரிடத்துக் கோளாறு என்றால் அறுவைக்கு வழி உண்டா என்று பார்ப்பார்கள்.

அதன் பிறகும் ஆய்வில் சேர விரும்பினால், தமிழில் உள்ள ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படித்து, உங்கள் மருத்துவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.